ஆடிக் காற்றும் ஒரு பெயிண்ட் ஸ்பிரேயரும்: எங்கள் வீட்டு கேட்டில் என்ன நடந்தது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தே கால் மணிக்கு இரண்டாவது கோட் அடித்து முடித்தேன். ஐந்தரைக்குள் கேட்டின் கீழ்த்தகடு கோயில் யானையின் முழங்கால் போல மடிப்பு மடிப்பாகச் சுருங்கிவிட்டது. விரலை வைத்தால் காலையில் அடித்த கோட்டும் சேர்ந்து தோலாக உரிந்து வந்தது. அன்று காலையிலேயே எதிர்வீட்டு மாமாவின் வெள்ளை ஸ்கூட்டரில் காப்பித்தூள் தூவியது போலப் புள்ளிகள் விழுந்திருந்தன. அடுத்த ஞாயிறும் திங்களும் அதே மெஷின், அதே பெயிண்ட், அதே கை. கேட் பளபளவென்று வந்தது. இடைப்பட்ட ஏழு நாளில் எதெல்லாம் மாறியது என்று குறித்து வைத்திருந்ததை எழுதுகிறேன்.

வேலை

ஸ்ரீரங்கத்தில் 1998ல் கட்டிய வீடு. இரட்டைக் கதவு கேட், பத்தடி அகலம், ஐந்தடி உயரம். மேல் பாதி கம்பி கிரில், கீழ் பாதி தகடு. ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். வழக்கமாக வரும் பெயிண்டர் அண்ணன், "ஆவணி முகூர்த்தத்துக்குள்ள ஏழு வீடு ஒத்துக்கிட்டேன் தம்பி, கேட்டுக்குன்னு தனியா வர முடியாது" என்று சொல்லிவிட்டார். உள்சுவர் வேலையை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அதனால் கேட்டை நானே அடிக்கலாம் என்று மூவாயிரத்துச் சொச்சத்துக்குக் கையில் பிடிக்கும் மின்சார ஸ்பிரேயர் ஒன்று வாங்கினேன். 600 வாட்ஸ், 800 மில்லி கப், பெயிண்ட் வெளியே வரும் முனையான நாசில் 1.5, 1.8, 2.6 மில்லிமீட்டரில் மூன்று.

இந்த வகை மெஷின் ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரசர் வைத்து அடிக்கும் துப்பாக்கியைப் போன்றது இல்லை. உள்ளே வாக்குவம் கிளீனரில் இருப்பது போன்ற ஒரு விசிறி மோட்டார். காற்று நிறைய வரும், அழுத்தம் குறைவு. முறையான இந்த ரகத் துப்பாக்கிகளில் முனையில் காற்றழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாது. சைக்கிள் டயரில் அடைக்கும் காற்றே இதைவிடப் பல மடங்கு. இவ்வளவு மெல்லிய ஊதலால் கெட்டிப் பெயிண்டைப் பொடித்து எறிய முடியாது. அதனால் பெயிண்டைத்தான் மெஷினுக்கு ஏற்றபடி இளக்க வேண்டும். எதை ஊற்றி இளக்குவது என்பதில்தான் நான் கோட்டை விட்டேன்.

முதல் ஞாயிறு

சனிக்கிழமை சுரண்டும் வேலை ஒழுங்காகவே நடந்தது. அதில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டும். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016ல் வந்தது, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எங்கள் கேட்டின் அடி கோட் அதற்குப் பத்தொன்பது வருஷம் முந்தியது. அதை வெறும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்ப மனசு வரவில்லை. வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத்தான் தேய்த்தேன். பக்கத்துக் குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டு, விழுந்த சகதியைப் பழைய துணியில் வழித்துக் கட்டிப் போட்டேன். தண்ணீர் பட்ட இரும்பு சும்மா இருக்காது, அரை மணியில் மஞ்சள் பூக்க ஆரம்பித்துவிடும். உடனே துடைத்து, வெயிலில் காயவிட்டு, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமரை பிரஷ்ஷால் பூசினேன். ரெட் ஆக்சைடு டின்னுக்கடியில் களிமண் போலப் படியும் சரக்கு, அதை மெஷினில் ஊற்றும் துணிச்சல் எனக்கில்லை.

ஞாயிறு காலை பெயிண்ட் கடையில் போய், "ஸ்பிரேக்கு தின்னர் ஒரு லிட்டர் கொடுங்க" என்றேன். கொடுத்தார்கள். கடைக்காரர் மேல் குற்றம் இல்லை, நான் கேட்டதைத்தான் கொடுத்தார்.

பத்தரை மணிக்கு ஆரம்பித்தேன். புது எனாமல் டின்னில், போன தடவை மிச்சமிருந்த அதே காப்பிக் கலர் அரை லிட்டரையும் ஊற்றிக் கலந்தேன். அதன் மேல் பாலாடை மாதிரி ஆடை கட்டியிருந்தது. குச்சியால் எடுத்துப் போட்டதோடு சரி, வடிகட்டவில்லை. தின்னரைக் கண்ணளவாக ஊற்றினேன். விசையை அழுத்தியதும் மிக்ஸியில் தேங்காய் அரைப்பது போலச் சத்தம், முதல் இரண்டு நிமிஷம் ஆனந்தம். அப்புறம் புளிச் புளிச்சென்று துப்ப ஆரம்பித்தது. நாசிலைக் கழற்றிப் பார்த்தால் ஊசிமுனையில் வெற்றிலைக் காம்பு போல ஒரு ஆடைத் துண்டு. எடுத்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடி துப்பல்.

அதற்குள் காற்று எழும்பிவிட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில், அதுவும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், பதினொரு மணிக்கு நான் பெயிண்டைக் காற்றில் தூவிக்கொண்டிருந்தேன். கிரில் என்பது பாதி ஓட்டை. கம்பியில் படாத அத்தனையும் அந்தப் பக்கம் தூவானமாகப் போய், தெருவைத் தாண்டி மாமாவின் ஸ்கூட்டரில் இறங்கியது. மாமா திட்டவில்லை. "கல்யாணத்துக்கு என் வண்டிக்கும் சேர்த்தே அலங்காரம் பண்றியாப்பா?" என்று கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

கேட்டில் பட்ட பெயிண்டும் சரியில்லை. தடவினால் சொரசொரவென்று மாவு பூசியது போல, பளபளப்பே இல்லை. இரண்டாவது கோட்டில் சரியாகிவிடும் என்று, சாயங்காலம் தின்னரை இன்னும் கொஞ்சம் தாராளமாக ஊற்றி, தகட்டில் நன்றாக நனையும்படி அடித்தேன். அந்த நேரம் வாசலைத் தாண்டிப் போன தங்கை, "என்னண்ணா, தெருவெல்லாம் நெயில் பாலிஷ் வாடை?" என்றாள். அந்த ஒரு வரியில் முழு விடையும் இருந்தது. நான்தான் காதில் வாங்கவில்லை. பத்து நிமிஷத்தில் தகடு சுருங்க ஆரம்பித்தது.

காரணம் தேடியது

திங்கட்கிழமை வேலை முடிந்து போகிற வழியில் பெயிண்டர் அண்ணன் எட்டிப் பார்த்தார். தகட்டைக்கூட அவர் தொடவில்லை. தின்னர் கேனைத் திறந்து மோந்தார். "இது என்.சி. தின்னர் தம்பி. மர வேலைக்கு லேக்கர் அடிக்கிறவன் வாங்குறது. எனாமலுக்கு டர்பன்டைன்ல போடணும்."

நம் ஊரில் பெயிண்டை இளக்கும் எல்லாவற்றுக்கும் தின்னர் என்றே பெயர். ஆனால் டர்பன்டைன் என்று விற்கும் மினரல் எண்ணெய் மெதுவாக ஆவியாகும், சுபாவத்தில் சாது. என்.சி. தின்னரில் அசிடேட், கீட்டோன், டொலுயீன் போன்ற காரமான திரவங்கள் இருக்கும். சில நொடியில் பறந்துவிடும். நெயில் பாலிஷ் வாடை அந்த அசிடேட்டுடையது. காலையில் மாவு பூசியது போல ஆனதற்கு இதுதான் காரணம். துளி நாசிலை விட்டுக் கிளம்பி கேட்டைத் தொடுவதற்குள் பாதி காய்ந்துவிட்டது. காய்ந்த துளிகள் ஒன்றோடொன்று கலந்து மழமழப்பாகப் படரவே இல்லை. பதினொரு மணி வெயிலும் காற்றும் அதற்குத் துணை.

சாயங்காலச் சுருக்கத்துக்கும் அதே தின்னர்தான் காரணம், வழிதான் வேறு. எனாமல் தண்ணீர் போல வெறுமனே உலர்வதில்லை. முதலில் தின்னர் பறக்கும், பிறகு அதிலுள்ள எண்ணெய்ப் பிசின் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கி மெல்ல இறுகும். காலையில் அடித்தது சாயங்காலம் தொட்டால் ஒட்டாது, ஆனால் உள்ளே இன்னும் பச்சையாகவே இருக்கும். அந்த நிலையில் காரமான தின்னர் மேலே பட்டதும் அடி கோட் ஊறி, உப்பி, இடம் போதாமல் மடிந்துவிட்டது. கிரில் கம்பியில் சுருக்கம் குறைவு, தகட்டில் மட்டும் அதிகம். தகட்டில்தானே நான் தாராளம் காட்டினேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாமாவின் ஸ்கூட்டரைக் காப்பாற்றியதும் அதே தின்னர்தான். துளிகள் தெருவைத் தாண்டுவதற்குள் காய்ந்துவிட்டதால் வண்டியின் மேல் தூசி போல உட்கார்ந்திருந்தனவே தவிரப் பிடிக்கவில்லை. நிறைய ஷாம்பூத் தண்ணீரும் மெல்லிய துணியுமாக ஒன்றரை மணி நேரம் துடைத்ததில் அநேகமாக எல்லாம் வந்துவிட்டது. டர்பன்டைனில் கலந்து அடித்திருந்தால் ஈரமாகப் போய் ஒட்டியிருக்கும்.

வேடிக்கை இல்லாத ஒன்றும் உண்டு. மெஷினோடு வந்த சின்னப் புத்தகத்தைத் திங்கள் ராத்திரிதான் முழுக்கப் படித்தேன். சீக்கிரம் தீப்பற்றும் திரவங்களை இதில் ஊற்றவே கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கையிலேயே மோட்டார் இருக்கிறது, சுழலும்போது அதில் பொறி பறக்கும். என்.சி. தின்னரின் ஆவி அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கக் கூடியது. நான் அடித்து முடித்த அரை மணியில், தினமும் போல அம்மா வாசல் மாடத்தில் விளக்கேற்றினாள். காற்று ஆவியைக் கொண்டுபோயிருந்தது. காற்றே இல்லாத ஒரு நாளாக இருந்திருந்தால் என்று யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை. டர்பன்டைனும் எரியக் கூடியதுதான், என்.சி. தின்னர் அளவுக்கு அவசரம் மட்டும் கிடையாது. அதனால் இரண்டாவது முறை அடித்தபோது விளக்கு, அடுப்பு, மாமாவின் பீடி எல்லாவற்றுக்கும் இரண்டு மணி நேரம் விடுமுறை. எனாமல் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது, அவை தானாகவே சூடேறிப் புகையும். விரித்துக் காயப் போட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் போட வேண்டும்.

ஒரு வாரத் தயாரிப்பு

சுருங்கியதை உடனே சுரண்டினால் சூயிங்கம் மாதிரி இழுபடும். வெள்ளிக்கிழமை வரை விட்டேன். பிறகு தகட்டில் இருந்ததைச் சுரண்டி எடுத்து, ஓரங்களை 120 நம்பர் வாட்டர் பேப்பரிலும் அப்புறம் 220லும் தேய்த்து, இரும்பு தெரிந்த இடத்தில் மறுபடி பிரைமர்.

சனிக்கிழமை மறைப்பு வேலை. தரையில் பழைய பிளெக்ஸ் பேனர்கள், தூண்களுக்குச் செய்தித்தாளும் மாஸ்கிங் டேப்பும், தாழ்ப்பாளுக்கும் கீலுக்கும் டேப். கிரில்லுக்குப் பின்னால் பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துச் சாய்த்தேன். கம்பியில் படாதது அட்டையில் படட்டும் என்று. அடிக்க அடிக்க அட்டையை நகர்த்திக்கொண்டே போனால் போதும். ஸ்கூட்டரை ராத்திரியே தன் வீட்டுக் கொல்லைப்பக்கம் தள்ளிவிட மாமா ஒத்துக்கொண்டார்.

பெயிண்டைப் பழைய நைலான் காலுறையில் வடிகட்டினேன். வேட்டித் துணி வேண்டாம், அதன் பஞ்சு நாசிலில் போய் உட்காரும். அம்மாவின் டீ வடிகட்டி ஒன்றும் இந்தத் தேடலில் பலியானது.

இளக்குவதற்குக் கண்ணளவு போய், மெஷினோடு வந்த புனல் கப் வந்தது. அதை நிறைய முக்கித் தூக்கி, அடியில் உள்ள ஓட்டை வழியாக ஒழுகுவதை எண்ண வேண்டும். நூல் போல ஓடும் ஒழுக்கு அறுந்து சொட்டாக மாறும் நொடிதான் கணக்கு. டின்னிலிருந்து அப்படியே எடுத்த எனாமல் இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஒழுகிக்கொண்டே இருந்தது. அரை லிட்டருக்கு 50 மில்லி டர்பன்டைன் ஊற்றியும் பெரிய மாற்றமில்லை. 120 மில்லியில் 25 நொடிக்கு வந்தது. இந்த எண் என் கப்புக்கும் என் பெயிண்டுக்கும்தான் பொருந்தும். ஒவ்வொரு கம்பெனிக் கப்பின் ஓட்டையும் ஒவ்வொரு அளவு. அதே பெயிண்ட் காலை ஆறு மணிக்குக் கெட்டியாகவும் பதினொரு மணிக்கு இளகியும் இருக்கும், அதனால் அடிக்கும் நேரத்தில்தான் அளக்க வேண்டும். நாசில் 1.8.

முகமூடிக்கு வருகிறேன். முதல் ஞாயிறு கர்ச்சீப் கட்டியிருந்தேன், ராத்திரி மூக்கைச் சிந்தினால் காப்பிக் கலர். என்95 முகமூடி துளியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்கு இரண்டு பக்கமும் கரி டப்பா வைத்த ரப்பர் முகமூடி வேண்டும், வாங்கினேன். கொசுறாக ஒரு செய்தி: ஸ்பிரே துப்பாக்கியின் பூர்வீகம் தொண்டை வைத்தியம். அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற டாக்டர் 1880களின் இறுதியில் நோயாளிகளின் தொண்டையில் மருந்தைத் தூவ ஒரு கருவி செய்தார். அவர் மகன் தாமஸ் 1907ல் அதே யோசனையைப் பெயிண்டுக்குக் கொண்டுவந்தார். அப்பா கருவி தொண்டையைக் காக்க. பிள்ளை கருவியிடமிருந்து தொண்டையைக் காக்க நான் முகமூடி வாங்கினேன்.

இரண்டாவது ஞாயிறு

காலை ஆறேகால். இலை அசையவில்லை. முதலில் அட்டையில் அடித்துப் பார்த்தேன். நாசிலைச் சுற்றி மாட்டும் காற்று மூடியின் இரண்டு கொம்பும் கிடைவாட்டில் இருந்தால் தூவல் நின்றவாக்கில் விசிறியாக விரியும், கொம்பு மேலும் கீழுமாக நின்றால் தூவல் படுத்தவாக்கில் வரும். பக்கவாட்டில் கை வீசுவதற்கு நின்ற விசிறி. பெயிண்ட் அளவு சொல்லும் திருகைக் கூட்டிக் குறைத்து, அட்டையில் ஓரத்துக்கு ஓரம் ஒரே அடர்த்தி வரும்வரை விளையாட வேண்டும். பத்து நிமிஷம் ஆனது. முதல் ஞாயிறு அந்தப் பத்து நிமிஷத்தைக் கேட்டிலேயே செலவழித்திருந்தேன்.

தூரம் ஒரு சாண். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவிலுள்ள அந்த இருபது, இருபத்திரண்டு சென்டிமீட்டர் இந்த வேலைக்கென்றே அளந்தது போல இருக்கிறது. கையை நகர்த்த ஆரம்பித்த பிறகுதான் விசை, நிறுத்துவதற்கு முன் விசையை விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டு ஓரத்திலும் பெயிண்ட் குளம் கட்டி வழியும். விசிறி வீசுவது போல மணிக்கட்டைத் திருப்பினால் நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் சன்னமாகவும் விழும். முழங்கையோடு மொத்தக் கையும் கேட்டுக்கு நேராகப் போக வேண்டும், ஒவ்வொரு வீச்சும் முந்தினதின் பாதியை மூட வேண்டும். முதலில் மூடியும் மூடாமலும் ஒரு தூவல், பதினைந்து நிமிஷம் கழித்து முழு கோட். கம்பிகளுக்கு நேராக நின்று அடிப்பதில் பலன் இல்லை. இடப்பக்கச் சாய்வில் ஒரு தடவை, வலப்பக்கச் சாய்வில் ஒரு தடவை அடித்தால் ஒரு கம்பியின் மூன்று முகமும் மூடும்.

வலது கதவு பாதியில் மெஷின் ஓடிக்கொண்டே இருக்க, பெயிண்ட் நின்றுவிட்டது. நாசில் சுத்தம். கப்பில் பெயிண்ட் இருக்கிறது. உறிஞ்சும் குழாயில் அடைப்பு இல்லை. கப்பைக் கழற்றி மாட்டினால் இரண்டு நொடி வருகிறது, நிற்கிறது. கப்புக்குள் பெயிண்டை மேலே தள்ளுவது யார் என்று யோசித்தபோதுதான் புரிந்தது. மோட்டார் காற்றில் ஒரு பங்கு பக்கவாட்டுச் சின்னக் குழாய் வழியாகக் கப்புக்குள் போய் அழுத்துகிறது. பெயிண்ட் திரும்பி மேலே போகாமல் இருக்க அந்தக் குழாயின் வாயில் ஒத்தை ரூபாய் அளவில் ஒரு சிலிக்கோன் சவ்வு. கீழ்த்தகட்டின் அடி ஓரத்தை அடிக்க நான் துப்பாக்கியைத் தலைகீழாகச் சாய்த்தேனே, அப்போது பெயிண்ட் அந்தப் பக்கம் ஏறிச் சவ்வை ஒட்ட வைத்துவிட்டது. கப்புக்குள் காற்று இல்லை, அதனால் தள்ளலும் இல்லை. சவ்வை எடுத்து டர்பன்டைனில் கழுவி, குழாயை ஊதி மாட்டினேன். ஓடியது. அதற்கப்புறம் சாய்க்க வேண்டிய இடத்தில் கப்பைப் பாதிக்கு மேல் நிரப்பவில்லை. கீழ்நோக்கி அடிக்கும்போது உள்ளே இருக்கும் வளைந்த குழாயின் முனையை முன்பக்கமாகத் திருப்பி வைத்தேன், கடைசிச் சொட்டு வரை வரும்.

ஏழரைக்குக் காற்று லேசாக எழும்பியது, முடித்துவிட்டேன். திங்கள் காலை அதே நேரத்தில் இரண்டாவது கோட்.

கணக்கு

இரண்டாவது முறைக்கு மட்டும்: மறைக்க நான்கு மணி நேரம். இரண்டு கோட்டும் சேர்த்து அடிக்க ஒரு மணி நேரம் ஐம்பது நிமிஷம். கழுவ ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம். மிச்சப் பெயிண்டை டின்னில் ஊற்றி, கப்பில் கொஞ்சம் டர்பன்டைன் விட்டு ஒரு வாளிக்குள் அடித்து, பிறகு ஊசி, நாசில், காற்று மூடி, சவ்வு, வாஷர் என்று கழற்றி பல் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். இதில் சோம்பினால் அடுத்த முறை மெஷின் இருக்காது. பெயிண்டர் அண்ணன் பிரஷ்ஷால் இதே கேட்டை ஒன்றரை நாளில் முடிப்பார். அவருக்கு ஒரு லிட்டர் வாங்கிக் கொடுத்தால் கொஞ்சம் மிஞ்சும், எனக்கு ஒன்றே முக்கால் லிட்டர் போனது. கிரில்லுக்கான பங்கில் பெரும்பகுதி அட்டையில் இருக்கிறது. எனக்குத் தோன்றுவது: தகடு, மரக்கதவு, பீரோ போன்ற சமதளத்துக்கு இந்த மெஷின் கொடுக்கும் மழமழப்பை பிரஷ் கொடுக்காது. கிரில்லுக்கு மட்டும் என்றால் வாங்க வேண்டாம். சுவருக்கு எமல்ஷன் அடிக்கலாம் என்று விளம்பரத்தில் காட்டுவார்கள், 800 மில்லி கப்பை நிரப்பி நிரப்பியே கை ஓய்ந்துவிடும், ரோலர் போதும்.

கல்யாணத்துக்கு வந்த பெயிண்டர் அண்ணன் தகட்டைத் தடவிப் பார்த்து, "மெத்துனு இருக்கு தம்பி" என்றார். பிறகு குனிந்து, கம்பியும் சட்டமும் சேரும் உள்மூலையில் நகத்தை வைத்தார். "இங்கே ஏறல பாருங்க. மூலைக்குள்ள காத்து போய் முட்டித் திரும்பும், பெயிண்டையும் தள்ளிக்கிட்டு வந்துரும். மூலையெல்லாம் முதல்ல பிரஷ்ல தொட்டுட்டு அப்புறம் மெஷின் புடிக்கணும்."

ஐப்பசி மழை வந்தது. கல்யாண ஆல்பத்தில் பளபளக்கும் கேட்டில், அவர் நகம் வைத்த மூலைகளில் நான்கு இடத்தில் துரு ஒழுகிக் கோடு போட்டிருந்தது. மெஷினை எடுக்கவில்லை. மழை விட்ட ஒரு நாளில் சுரண்டிவிட்டு, தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் ரெட் ஆக்சைடும் அரை அங்குல பிரஷ்ஷுமாக உட்கார்ந்தேன்.